நோன்பு நாட்களில் வாங்கிய ரிசீவர்

மகன்,

நீ இன்னும் பிறக்கவில்லை. பிறப்பாயா என்பதும் எனக்குத் தெரியாது. ஆனாலும் இதை உனக்குத்தான் எழுதுகிறேன். அதுவும் நீ வளர்ந்து, மீசை வைத்து, உனக்கென்று ஒரு வீட்டில் தனியாக இருக்கப்போகிற காலத்து உனக்கு. எனக்கு இப்போது பத்தொன்பது வயது. போன கிழமை முதன்முதலாக எனக்கு ஒரு கல்யாணப் பேச்சு வந்தது. குச்சவெளிப் பக்கத்து ஆட்கள். அப்பா அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து, "பிள்ளை இன்னும் சின்னன், கொஞ்சக் காலம் போகட்டும்" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர்கள் போன பிறகு மாப்பிள்ளையைப் பற்றி எனக்கு ஒரு நினைவும் வரவில்லை. உன்னைப் பற்றித்தான் வந்தது. தையல் மெஷினில் இருந்து பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காலர் பிடித்துக்கொண்டிருந்தபோது, நீ ஒரு கடைக்குள் நுழைவது போலவும், பாட்டுக் கேட்கிற ரிசீவர் ஒன்று வாங்குவதற்காக ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து பார்ப்பது போலவும், வாசலில் நான் நரைத்த தலையோடு உனக்காகக் காத்து நிற்பது போலவும் தெரிந்தது. துணியில் ஊசி ஓடிக்கொண்டே இருந்தது. நான் நிறுத்தவில்லை, நீ எந்தப் பெட்டியை எடுக்கிறாய் என்று பார்க்க விரும்பினேன்.

நேரில் சொல்லலாமே என்று நினைப்பாய். நான் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் எழும்பி வாசிக்கச் சொன்னால் எழுத்தெல்லாம் தெரியும், குரல் மட்டும் வராது. ரீச்சர் காத்திருப்பா. பின்வாங்கில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். பத்தாம் வகுப்பில் ஒரு நாள் காலை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு படலை வரைக்கும் வந்தேன். பிறகு திரும்பிப் போய்க் கழற்றி வைத்துவிட்டேன், பள்ளிக்கூடம் அதோடு முடிந்தது. அம்மா அழுதா. அப்பா சில நாள் கழித்து இந்தத் தையல் மெஷினைக் கொண்டுவந்து யன்னலோரம் வைத்தார். அதிலிருந்து பார்த்தால் இரண்டு கூரைகளுக்கு நடுவில் துறைமுகத்தின் ஒரு துண்டு தெரியும். ஒரு கப்பல் அந்தத் துண்டுக்குள் வந்து, நின்று, போய்விடும். என் நாட்கள் பெரும்பாலும் அப்படித்தான் போகின்றன. ஆனால் எழுதும்போது எனக்கு வெட்கம் வருவதில்லை. அதனால் நீ பொறுமையாக வாசி.

உன் தாத்தாவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகில் எஞ்சின் பார்த்தவர். பெரிய கப்பல் உள்ளே வரும்போது அதைத் தள்ளியும் இழுத்தும் கரைக்குக் கொண்டுவருகிற சின்னப் படகு அது. படகு சின்னது, எஞ்சின் பெரியது. வேலையால் வந்ததும் கொஞ்ச நேரம் உரத்துத்தான் கதைப்பார். "மெல்லக் கதையுங்கோ, கப்பலில நிக்கிறவனுக்கும் கேக்குது" என்பா அம்மா. அதே மனிதர்தான் மாதா கோயில் மேல்மாடத்தில் பாடகர் குழுவை நடத்துகிறவர். பத்துப் பெண்பிள்ளைகள் ஒன்றாகப் பாடும்போது அதில் ஒருத்திக்குத் தடிமன் பிடித்து மூக்கடைத்திருக்கிறது என்று கண்டுபிடிப்பார். எஞ்சின் அறைக்குள் நிற்கும்போதுகூட அந்த இரைச்சலுக்கு அடியில் தனக்கு ஒரு பாட்டுப் போய்க்கொண்டே இருக்கும் என்று சொல்வார். எனக்கு அது விளங்கும். மெஷின் ஓடும்போது எனக்கும் அப்படித்தான்.

வீட்டில் ஒரு ரெக்கோட் பிளேயரும் ஒரு பெட்டி இசைத்தட்டுகளும் இருந்தன. எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரு பறங்கிக் குடும்பம் அவுஸ்திரேலியாவுக்குப் போனபோது அப்பாவிடம் விட்டுப்போனவை. ஆனால் இசைத்தட்டு தானாகப் பாடாது, மகன். நடுவில் ஒரு பெட்டி வேண்டும். ஒரு பக்கத்தால் பிளேயரிலிருந்து சத்தம் அதற்குள் வரும், மறுபக்கத்தால் பெருகி இரண்டு ஸ்பீக்கருக்கும் போகும். ரேடியோவும் அதற்குள்ளேயே இருக்கும். அதுதான் ரிசீவர். எங்களிடம் இருந்த பழையது நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஓர் இடியோடு போய்விட்டது. அதற்குப் பிறகு தட்டுகள் அலுமாரியில் அம்மாவின் சேலைகளுக்குக் கீழே படுத்திருந்தன. யாரும் இல்லாத நேரம் நான் ஒன்றை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடிப்பேன். கறுப்புக்கு மேல் வெளிச்சம் வட்டமாக ஓடும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய வளையம் இருக்கும், அலை இல்லாத இடம் மாதிரி. உள்ளே என்ன பாட்டு என்று தெரியாமலே பல பாட்டுகளை அப்படிக் கேட்டிருக்கிறேன்.

இந்த வருடம் அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அதற்குக் கொஞ்சம் முன்பு பெரியாஸ்பத்திரியில் டொக்டர் அவருடைய காதைச் சோதித்து, எஞ்சின் சத்தம் உள்ளே சேதம் செய்திருக்கிறது, மெல்லிய சத்தங்கள் ஒவ்வொன்றாகக் குறையக்கூடும் என்று சொல்லியிருந்தார். அப்பா அதை வீட்டில் ஒரு பகிடி போலச் சொன்னார். ஆனால் அடுத்த கிழமையே, "இனி வைச்சுக்கொண்டு இருக்கிறதில்லை, ஒரு ரிசீவர் வாங்கவேணும்" என்றார். காது இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தார் போல. ஏன் இவ்வளவு அவசரம் என்று அம்மா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அது தவக்காலம். எங்கள் வீட்டில் தவக்காலத்தில் பாட்டுப் போடுவதில்லை. கோயிலில் பாடுவது வேறு, அது செபம். வீட்டில் ரேடியோ செய்திக்கு மட்டும்தான் திறக்கும். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு கப்பல்துறை என்கிற ஊருக்குப் போனார். அங்கே கண்டி வீதியோரம், ஜப்பானிலிருந்து வருகிற பாவித்த சாமான்கள் விற்கிற ஒரு கொட்டகை இருக்கிறது. ஃபிரிட்ஜ், ஃபேன், சைக்கிள், குழந்தைக் கதிரை, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று. கடைக்காரர் கிண்ணியா முஸ்லிம். எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த வருடம் அவர்களுடைய நோன்பும் எங்களுடைய தவக்காலமும் ஒன்றாக வந்திருந்தன.

"வாங்க அண்ணன். தேத்தண்ணி தர ஏலாது, நோன்பு. குறை நினைக்காதீங்க" என்றார் நானா.

"எனக்கும் தவக்காலம். சீனி விட்டிட்டன்" என்றார் அப்பா.

"அப்ப சரி. ரெண்டு பேரும் ஒரே பசியில நிண்டு யாவாரம் பேசுவம். விலை குறைக்கிறதுக்குத் தெம்பிருக்காது, அது எனக்கு லாபம்."

இரண்டு ரிசீவர்கள் இருந்தன. ஒன்று பழையது. வெள்ளி நிற முகம், இரு பக்கமும் மரம், ஒரு சின்னப் பெட்டகம் அளவு பாரம். ஜப்பான் மின்சாரம் எங்களுடையதைவிடப் பாதிக்கும் குறைவு என்றபடியால் அதை நேரே சுவரில் குத்த ஏலாது. இடையில் மின்சாரத்தைக் குறைக்கிற ட்ரான்ஸ்ஃபோமர் ஒன்று வைக்க வேண்டும், மறந்து நேரே குத்தினால் புகைதான். மற்றது புதியது. கறுப்பு, மெல்லியது, நீல வெளிச்சம் எரியும், ஃபோனிலிருந்து கம்பி இல்லாமலே பாட்டு எடுக்கும், நேரே சுவரில் குத்தலாம்.

"ஒரு பாட்டுப் போட்டுக் காட்டட்டா?" என்று கேட்ட நானா தானே கையைப் பின்னால் எடுத்தார். "இல்ல, நோன்பு மாசம் கடையில பாட்டுப் போடுறதில்ல."

"எனக்கும் ஏலாது. உயிர்த்த ஞாயிறு வரைக்கும் பாட்டுக் கேக்கிறதில்லை எண்டுதான் வீட்டில."

"அப்ப செய்தி வைப்பம்."

செய்தி வைத்தார்கள். ஒருவர் வெங்காய விலை வாசித்தார். அதை அவ்வளவு அழகாக நான் அதற்கு முன் கேட்டதில்லை. அந்தக் குரல் ஃபிரிட்ஜுகளுக்கு நடுவில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தது மாதிரி இருந்தது. இரண்டு பெட்டிகளிலும் வெங்காயம் அழகாகத்தான் இருந்தது. அப்பா என்னைப் பார்த்தார். "நீ சொல்லு பிள்ளை, எது?" எனக்கு அந்த வெள்ளி முகம் பிடித்திருந்தது. நானாவுக்கு முன்னால் வாய் வரவில்லை. "உங்களுக்கு விருப்பமானதை எடுங்கோ அப்பா" என்றேன். வீட்டில் அம்மாவுக்குக் கரண்ட் என்றால் பயம். அப்பா கறுப்பை எடுத்தார்.

வீட்டில் அதை மேசையில் வைத்து, பிளேயரின் வயரைப் பின்னால் பொருந்தின துளையில் குத்தி, ஸ்பீக்கரையும் கொழுவி, ஒரு தரம்கூடப் பாட்டுப் போடாமல் விட்டோம். அம்மா ஒரு பழைய ஊதாச் சேலைத் துண்டால் எல்லாவற்றையும் மூடினா. "தவக்காலமெண்டு கோயில்ல சுரூபங்களையே ஊதாத் துணியால மூடித்தானே வைச்சிருக்கு. இதுக்கென்ன?" என்றா. அந்த நாட்கள் எனக்கு நல்ல நாட்கள், மகன். தைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தால் ஊதாத் துணிக்குள் ஒரு பெட்டி பேசாமல் இருக்கும். உயிர்த்த ஞாயிறன்று அதற்குள்ளிருந்து என்ன வரும் என்று யோசித்து யோசித்து, ஊரில் இல்லாத வாத்தியங்களையெல்லாம் நான் அதற்குள் வைத்துவிட்டேன்.

உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், சாப்பாட்டுக்கும் முதல், அப்பா சேலையை எடுத்தார். உறை இல்லாத ஒரு தட்டை எடுத்துத் துடைத்து வைத்தார். அது ஒரு பெண் தனியாகப் பாடுகிற பாட்டு. கலியாணம் கட்டின புதிதில் அதைக் கேட்டுக் கேட்டுத்தான் தான் குசினியில் சமைத்ததாக அம்மா சொல்லியிருக்கிறா. ஊசி தொட்டது. மகன், தகர டப்பாவுக்குள் ஒரு நுளம்பு ஙொய் என்று பாடுவது மாதிரி வந்தது. அப்பா சத்தத்தைக் கூட்டினார். கொஞ்சம் பெரிய நுளம்பு. கனத்த அடிச்சத்தம் என்று ஒன்றுமே இல்லை.

அப்பா எங்களைத் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்கு நல்லாக் கேக்குதோ?"

தான் பார்த்து வாங்கினதைப் பற்றிப் பெருமையாகக் கேட்கிறார் என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்தோம். தட்டுகள் பழசாகித் தேய்ந்துவிட்டன போல, பாவம், இவ்வளவு ஆசைப்பட்டு வாங்கினார் என்று நினைத்தோம். "ஓம், நல்லாக் கேக்குது. கோயில் மாதிரி" என்றா அம்மா. நான் தலையை ஆட்டினேன். அப்பா கொஞ்ச நேரம் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "ஓம், நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு ஊசியை எடுத்தார்.

அதற்கு அடுத்த நாட்களில் அவர் பெட்டியைத் தொடவில்லை, பாடகர் குழுவின் ஒத்திகைக்கும் போகவில்லை. ஊதாச் சேலையை அவரே திரும்ப மூடினார். ஒரு பின்னேரம் பங்குச் சுவாமி வீட்டுக்கு வந்தார், முற்றத்துக் கதிரையில் இருந்து அப்பாவோடு கதைத்தார். யன்னலால் எல்லாம் கேட்டது.

"என்ன மாஸ்டர், உங்களை விட்டா ஆர் இருக்கினம்?"

"காது போயிட்டுது சுவாமி. பிள்ளையளின்ர பாட்டு நல்லாத்தான் கேக்குது எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான். அது கேட்டதில்லை. எனக்குப் பாட்டெல்லாம் மனப்பாடம். ஞாபகத்தைத்தான் இவ்வளவு காலமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறன். வீட்டில ஒரு தட்டுப் போட்டுப் பாத்தன். இவையள் ரெண்டு பேருக்கும் கோயில் மாதிரிக் கேக்குது, எனக்கு ஒண்டுமில்லை. மாதா திருநாளுக்கு முதல் வேற ஆளைப் பாருங்கோ."

சுவாமி போன பிறகு அப்பா கடற்கரைப் பக்கம் நடக்கப் போய்விட்டார். நான் மெஷினில் கையை வைத்தபடி இருந்தேன். எங்கள் வாயிலிருந்து வந்த ஒரு நல்ல வார்த்தை அவருடைய காதை எடுத்துவிட்டது. ஆனாலும் அப்போது எனக்கு ஒன்று விளங்கவில்லை. தட்டுத் தேய்ந்ததா, அல்லது வேறு ஏதாவதா?

அம்மா சந்தைக்குப் போன ஒரு காலை, வீட்டில் நான் தனிய. சேலையை எடுத்துவிட்டு அதே தட்டைப் போட்டேன். சத்தம் கூட்டுகிற குமிழைக் கடைசி வரைக்கும் திருப்பினேன். பெண் தூரத்தில் எங்கேயோ பாடினாள். பெட்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அதனால் முன்னாலிருந்த பொத்தான்களை ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்தேன். ஒன்று ரேடியோவுக்கான பொத்தான். வீடே எழும்பி நின்றது. யன்னல் கண்ணாடி நடுங்கியது. எங்கள் ஊரில் தெருவிலேயே திரிகிற மான்களில் இரண்டு, வேலியோரம் புல் மேய்ந்துகொண்டிருந்தவை, ரோட்டைத் தாண்டி ஓடின. பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால் தலையை நீட்டினா.

"என்னடி பிள்ளை, உங்கட வீட்டில ஆருக்குக் கலியாணம்?"

நான் பதறிப்போய்க் குமிழைத் திருப்பி நிறுத்தினேன். பிறகு மெல்ல மெல்ல ஒன்று விளங்கியது. ரேடியோவுக்கு இந்தப் பெட்டி இப்படிக் கத்தும், தட்டுக்கு மட்டும் முனகும். தேய்ந்த தட்டு கரகரக்கும், இப்படி முனகாது. அப்படியென்றால் குறை தட்டிலும் இல்லை, அப்பாவின் காதிலும் இல்லை. பெட்டியில்தான்.

அம்மா வந்ததும் சொன்னேன். மீன் பையைக்கூட வைக்காமல் கேட்டுக்கொண்டு நின்றா. சந்தோசப்படுவா என்று நினைத்தேன். இல்லை. கதிரையில் இருந்துவிட்டா.

"இப்ப வேறை பெட்டி கொண்டுவந்து போட்டு, அதிலயும் அந்த மனிசனுக்குக் கேக்காட்டி? டொக்டர் சொன்னதும் பொய்யில்லைத்தானே. இப்ப ஒருக்காக் காது போட்டுது எண்டு மனதைத் தேத்திக்கொண்டு இருக்கிறார். ரெண்டாம் தரம் போனா?"

"எங்கட பொய்யில போனதும்மா அது" என்றேன். அம்மா மீனைக் கழுவ எழும்பிப் போனா. கொஞ்ச நேரம் கழித்துக் குசினியிலிருந்தே, "போறதெண்டா கையில தட்டையும் கொண்டு போ. திருப்பியும் வெங்காயம் கேட்டுட்டு வராதை" என்றா.

அன்று முதன்முறையாகத் தனியாக பஸ் ஏறினேன், மகன். இசைத்தட்டைத் துவாயில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தேன். கொண்டக்டர் டிக்கட் கிழித்துக்கொண்டே, "என்ன தங்கச்சி, தோசைக்கல்லோ?" என்று கேட்டார். பஸ்ஸில் பாதிப்பேர் திரும்பினார்கள். "பாட்டு" என்றேன். "அப்ப பாட்டுக்கும் ஒரு டிக்கட் எடுக்கவேணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன் என்பதைச் சீனக்குடா தாண்டின பிறகுதான் கவனித்தேன். கடல் ஒரு பக்கம் வந்து வந்து மறைந்தது. தட்டு என் மடியில் மெல்லச் சூடேறிக்கொண்டிருந்தது.

நானாவிடம் நடந்ததை முழுவதும் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியாது, நடுநடுவே நின்று நின்றுதான். அவர் புதிதாக வந்திருந்த, எங்களுடையது மாதிரியான ஒரு கறுப்புப் பெட்டியைத் திருப்பி, அதன் பின்பக்கத்தை எனக்குக் காட்டினார்.

"தட்டுப் போடுற பிளேயர் எண்டு அண்ணன் சொல்லல்ல, பாட்டுக் கேக்க எண்டார். நானும் கேக்கல்ல. ரெண்டு பேருக்கும் பசி." பிறகு பழைய வெள்ளி முகத்தைத் திருப்பினார். "இதைப் பாருங்க புள்ள."

மகன், இதைக் கவனமாக வாசி. ஊசி தட்டிலிருந்து எடுக்கிற சத்தம் மிகவும் சின்னது, மூச்சு மாதிரி. ரேடியோவின் சத்தத்தோடு அதைச் சேர்த்து வைக்க ஏலாது. அதை முதலில் தனியாக எடுத்துப் பெருக்கி, குறைந்த அடிச்சத்தத்தைத் திருப்பிக் கொடுக்கிற ஒரு பகுதி பெட்டிக்குள் இருக்க வேண்டும். இருந்தால் பின்பக்கத்தில் 'ஃபோனோ' என்று எழுதிய இரண்டு துளைகள் இருக்கும். பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணியும் இருக்கும், பிளேயரிலிருந்து வருகிற மெல்லிய வயரை அதில் இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டு மாதிரி இரையும். நாங்கள் வாங்கினதில் அது இல்லை. இப்போது வருகிற பலவற்றில் இருப்பதில்லை. அதனால் நீ கடைக்குப் போனால் பெட்டியின் முகத்தைப் பார்த்து மயங்காதே, திருப்பிப் பார். எத்தனை வாட் என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொள், ஆனால் ஓர் அறைக்கு அது கொஞ்சம் போதும். எந்த நாட்டு மின்சாரத்துக்குச் செய்தது என்று பார். எல்லாவற்றுக்கும் மேலே, உனக்கு மிகவும் பழக்கமான ஒரு தட்டைக் கையில் கொண்டு போ. விரதம் என்றால் விரதம் முடிய வாங்கு.

நானா ஒரு மூலையிலிருந்து பழுதான பிளேயர் ஒன்றை இழுத்து எடுத்து, ஊசி மட்டும் சரியாக இருக்கிறது என்று சொல்லி, வெள்ளி முகத்தில் கொழுவினார். நோன்பு முடிந்திருந்தது. தட்டை வைத்தோம். அந்தப் பெண் ஃபிரிட்ஜுகளுக்கு நடுவில் வந்து நின்று பாடினாள். அவளுக்குக் கீழே ஏதோ ஒரு பெரிய வாத்தியம் மெதுவாக நடந்தது, கப்பல் திரும்புகிற மாதிரி. நான் யன்னல் வெளிச்சத்தில் பார்த்துக் கேட்டிருந்த எந்தப் பாட்டும் இது இல்லை. நானா காசு சேர்க்கிற மேசையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். வாங்க வந்த ஒரு மனிதர் ஃபேனைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"இதுதான்" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானே சொன்னேன்.

வீட்டிலிருக்கிற கறுப்பை அதே ஓட்டோவில் திருப்பி அனுப்பினால் மாற்றிக்கொள்வதாக நானா சொல்லி, ட்ரான்ஸ்ஃபோமரையும் தந்து, தெரிந்த ஒருவருடைய ஓட்டோவில் எல்லாவற்றையும் ஏற்றினார். "அண்ணனுக்குச் சொல்லுங்க, பிழை என்ரதும்தான் எண்டு." வீட்டில் அம்மா ட்ரான்ஸ்ஃபோமரைக் கண்டதும் ஒரு தடித்த பலகையைக் கொண்டுவந்து அதற்கு அடியில் வைத்தா. "இதுக்குக் கிட்ட ஒருத்தரும் ஈரக் கையோட வரக்கூடாது" என்று யாரும் இல்லாத அறைக்குச் சட்டம் போட்டா.

அப்பா பின்னேரம் வந்தார். கடற்கரை மணல் காலில் ஒட்டியிருந்தது. மேசையைப் பார்த்து நின்றுவிட்டார். "இது என்ன?"

அம்மா என்னைப் பார்த்தா. எழும்பி வாசிக்கச் சொன்ன வகுப்பு மாதிரியே இருந்தது. ஆனால் அங்கே ரீச்சரும் இல்லை, பின்வாங்கும் இல்லை, தன்னைச் செவிடன் என்று நினைத்துக்கொண்டு கடற்கரையால் வந்து நிற்கிற என் அப்பாதான் இருந்தார்.

"அப்பா, அண்டைக்கு எனக்கும் கேக்கேல்லை."

"என்னது?"

"பாட்டு. உயிர்த்த ஞாயிறண்டைக்கு. உங்களுக்கு மட்டுமில்லை. எனக்கும் கேக்கேல்லை, அம்மாவுக்கும் கேக்கேல்லை. நீங்கள் ஆசைப்பட்டு வாங்கினதெண்டு சும்மா சொன்னனாங்கள். அந்தப் பெட்டியில தட்டுப் பாடாது."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு, "நீங்கள்தானே பெருமையாக் கேட்டனீங்கள்" என்றா.

"பெருமையா? பயத்தில கேட்டனான், இஞ்சரப்பா!" என்றார் அப்பா. குரல் எஞ்சின் அறைக் குரல். கோபம் வரப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் அவர் கதிரையில் இருந்து காலில் இருந்த மணலைத் தட்டினார். நீண்ட நேரம் தட்டினார். தட்டி முடித்தும் எழும்பவில்லை. அம்மா சொன்ன பயம் எனக்கும் அப்போதுதான் வந்தது. இதிலும் கேட்காவிட்டால் இனிச் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை.

"சரி, போடு" என்றார்.

போட்டேன். அவர் கண்ணை மூடினார். நான் அவருடைய முகத்தையே பார்த்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அந்தப் பெரிய வாத்தியம் நடக்கத் தொடங்கினதும் அவருடைய விரல் ஒன்று முழங்காலில் அசைந்தது. பிறகு மற்ற விரல்கள். அம்மா மூச்சை விட்டா.

"பிள்ளை, இப்ப என்னென்ன கேக்குது? உள்ளதைச் சொல்லு" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"அவ பாடுறா. கீழ அந்தப் பெரிய வாத்தியம். ஒரு கிட்டார். இப்ப ஒரு சின்ன மணி."

"மணியோ? எங்க?"

"இப்ப. இப்பவும். அவ மூச்செடுக்கிற இடத்தில."

அப்பா தலையைச் சரித்துக் கேட்டார். மணி திரும்பவும் அடித்தது. அவருடைய முகத்தில் அது வந்து சேரவில்லை. மூன்றாம் தரமும் சேரவில்லை.

"அது போட்டுது" என்றார், பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி. பிறகு, "மற்றதெல்லாம் இருக்கு" என்றார்.

"மணி போனாப் போகட்டும். என்ர கொலுசுச் சத்தத்தையே ஒருநாளும் கேக்காத மனிசன்" என்றா அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அப்பா அன்று சாப்பிடவும் மறந்து தட்டுத் தட்டாகப் போட்டார். யன்னலுக்கு வெளியே துறைமுகத் துண்டு மஞ்சளாகி, சாம்பலாகி, ஒரு கப்பல் விளக்கேற்றிக்கொண்டு அதற்குள் வந்தது. ஒவ்வொரு தட்டிலும் அவர் தனக்குக் கேட்பதைச் சொன்னார், நான் எனக்குக் கேட்பதைச் சொன்னேன். இரண்டையும் சேர்த்தால் ஒரு முழுப் பாட்டு. உனக்கு நான் சொல்ல நினைக்கிற புத்தி ஏதாவது இருந்தால் இதற்குள்தான் எங்கேயோ இருக்கிறது, மகன். பிரித்து எடுத்துத் தர எனக்குத் தெரியவில்லை. அன்பானவர்கள் கேட்டால் உள்ளதைச் சொல், அதுவும் அவர்கள் முகம் வாடினாலும் பக்கத்திலேயே இருந்துகொண்டு சொல். அவ்வளவுதான் வருகிறது.

அடுத்த நாள் அப்பா சுவாமியிடம் போய், தான் திருநாளுக்குக் குழுவை நடத்துவதாகச் சொல்லிவிட்டு வந்தார். வந்து என்னிடம், "நீயும் வாறாய்" என்றார். மேல் சுரங்கள் தனக்கு நிச்சயமில்லை, பெண்பிள்ளைகள் உச்சத்தில் பிசகினால் நான் அவருடைய முழங்கையைத் தொட வேண்டும். ஏலாது என்றேன். "தொடுறதுக்கு வாய் தேவையில்லையே" என்றார்.

சனிக்கிழமைப் பின்னேரம் மேல்மாடத்தில் ஒத்திகை. கீழே கோயிலில் சிலர் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் தூணோடு ஒட்டி நின்றேன். இரண்டாவது பாட்டில், உச்சியில் ஏறுகிற இடத்தில், பிள்ளைகள் வழுக்கினார்கள். முழங்கையைத் தொட்டேன். அப்பா நிறுத்தினார். திரும்பப் பாடினார்கள், திரும்பவும் வழுக்கினார்கள், திரும்பவும் தொட்டேன்.

அப்பா என் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் முன்னால், "கூடவோ, குறையவோ? எவ்வளவு?" என்று கேட்டார்.

அதைத் தொட்டுச் சொல்ல ஏலாது. பிள்ளைகள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அவர்களில் இரண்டு பேர் என் வகுப்பில் பின்வாங்கில் இருந்து சிரித்தவர்கள். ஆர்மோனியத்தில் அப்பாவின் விரல் அந்தச் சுரத்துக்கு அருகில் நின்று காத்துக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். அந்த வரியைப் பாடினேன், அது இருக்க வேண்டிய இடத்தில் வைத்து. என் குரல் கூரை வரைக்கும் போய், கீழே இறங்கி வந்து எனக்கே கேட்டது. செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னொரு தரம் பாடினேன்.